பக்கத்து சீட்டில் வந்த எச்சரிக்கை

திருவான்மியூரிலிருந்து கிண்டிக்குப் போகும் பஸ்ஸில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தடித்த கண்ணாடி. பஸ் நிற்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அடையாறு தாண்டும்போது மதுராந்தகத்திலிருந்து தம்பி போன் செய்தான். போன போகம் வெள்ளத்தில் போயிருந்தது. இதுவும் போனால் நிலத்தை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

"நெல்லு நல்லா கீதுக்கா. நாளைக்கு யூரியா போடறேன்."

"யூரியாதானே, போடு" என்றேன்.

போனை வைத்ததும் அவர் திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நெல்லா? எந்த ஊரு?"

சொன்னேன்.

"அந்தப் பக்கம் ஒரு வாரமா மப்பு, புழுக்கம். இப்படி இருந்தா புகையான் பூச்சி பெருகும். யூரியா போட்டா இன்னும் ஏறும். தூரைப் பிரிச்சு அடியில பாக்கச் சொல்லுங்க."

"எப்படிங்க சொல்றீங்க?"

"வானிலைய வச்சுப் பூச்சி வருமான்னு கணிக்கறதுதான் என் வேலை. சில வாட்டி தப்பாவும் போகும். பூச்சி இல்லன்னா சந்தோஷம்தானே."

கிண்டியில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

உடனே தம்பிக்குப் போன் செய்து சொன்னேன். மறுநாள் காலை அவன் வயலில் இறங்கிப் பார்த்தான். தூருக்குத் தூர் பழுப்பு நிறத்தில் புகையான் பூச்சி. யூரியாவை நிறுத்தினான், தண்ணீரை வடித்தான், அடித்தூரில் படும்படி மருந்தடித்தான். அக்கம்பக்கத்திலும் சொன்னான். நம்பாதவர்களின் வயல் தீய்ந்ததுபோல் வட்டம் வட்டமாகக் காய்ந்தது. எங்களுடையது அறுப்புக்கு வந்தது.

அந்த அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி ஒரு மூட்டை புது அரிசி அனுப்பியிருக்கிறான். இரண்டு மாதமாக அதே நேரத்து பஸ்ஸில்தான் போகிறேன். அவரைக் காணோம். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். மூட்டையைப் பிரிக்க இன்னும் மனம் வரவில்லை.