மூட்டையில் படம் இருக்காது

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூக்கு டீச்சர். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, அளவானதுதான். கோபம் எந்நேரமும் அதன் நுனியிலேயே குடியிருந்ததால் வந்த பெயர் அது. காதில் விழுந்த அன்று அவள் பேர் வைத்தவனைத் தேடவில்லை. கரும்பலகையில் 'மூக்கு' என்று எழுதி, "பேரு வைக்கற மூளைக்குப் படிக்கவும் தெரியணும்ல. வந்து ஒவ்வொருத்தரா கூட்டிப் படிங்க," என்றாள். அன்று வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் வாசிக்க வந்தது. மீதிப் பேருக்கு வரும்வரை அவள் பலகையை அழிக்கவில்லை.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் பிள்ளை புத்தகத்தோடு வந்து நின்றாலும் முதல் வேலையாக இடது உள்ளங்கையால் பக்கத்தில் இருக்கும் படத்தை மூடிவிடுவாள். அதுவரை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த வாய் பல பிள்ளைகளுக்கு அதோடு நின்றுவிடும். "படத்தைப் பார்த்துக் கதை விடறதுக்கு பேரு படிக்கறது இல்ல. எழுத்தைப் பாரு. எழுத்து என்ன சத்தம் போடுதோ அதை மட்டும் சொல்லு," என்பாள். பிறகு காத்திருப்பாள். கோபக்காரியான அவள் பொறுமையாக இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். பிள்ளை எழுத்தோடு மல்லுக்கட்டும்போது குறுக்கே ஒரு சொல் எடுத்துக் கொடுக்க மாட்டாள்.

இதை அவளுக்கு எந்தப் பயிற்சியும் கற்றுக் கொடுக்கவில்லை. அவளுடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மகள் நான்காம் வகுப்பில் எல்லாரும் கை தட்ட வாசிப்புக்குப் பரிசு வாங்கியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. விடுமுறையில் ஒருநாள் கிடங்குக்குக் கூட்டிப் போய், "எந்த மூட்டை எந்த லாரிக்குன்னு இன்னைக்கு எம் பொண்ணு படிச்சுச் சொல்லுவா," என்று எல்லார் முன்னாலும் நிறுத்தினார். சாக்குகளில் ஊர்ப் பெயர் அச்சாகியிருந்தது. அவள் பார்த்தாள். புத்தகத்தில் இருந்த அதே எழுத்துகள்தான், ஆனால் ஒன்றுகூட அவளோடு பேசவில்லை. சாக்கில் படம் இல்லை. சேர்ந்து கத்துவதற்கு வகுப்பும் இல்லை. பயத்தில் வாய்க்கு வந்த ஊரைச் சொன்னாள். அப்பா நம்பி ஏற்றினார். சாயங்காலம் கூட்டாளிகள் முணுமுணுக்க, ஏற்றிய அத்தனையையும் இறக்கி மறுபடி ஏற்றினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "கை தட்டினாங்களேம்மா," என்றார்.

அந்த விடுமுறை முழுக்க அவள் கிடங்கே கதியென்று கிடந்தாள். எந்த மூட்டை எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டுக்கொண்டு, அந்த ஊர்ப் பெயரின் ஒவ்வொரு சத்தத்தையும் சாக்கில் இருந்த ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலால் பொருத்திப் பார்த்தாள். அப்படித்தான் வாசிக்க வந்தது. பிறகு படித்தாள், குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கினாள். மேடையில் பெயர் கூப்பிட்டபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவே இல்லை.

ஆகவே, அரசுப் பள்ளிகளில் கீழ் மூன்று வகுப்பு எடுக்கும் எல்லாரும் ஆய்வில் நிரூபணமான வாசிப்பு முறையில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, பள்ளியிலேயே சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அடுத்த பருவத்திலிருந்து அந்த வகுப்புகள் கிடையாது என்பதும் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

"இத்தனை வருஷம் கத்தினதுக்கு இப்பதான் அவங்க காது தொறந்திருக்கு," என்று புருஷனிடம் சொன்னாள். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக்.

"காது தொறந்திருக்கா, வாய் மட்டும் தொறந்திருக்கான்னு போய்ப் பாரு," என்றார் அவர்.

பயிற்சி ஒரு குளிரூட்டிய மண்டபத்தில் நடந்தது. ஒருவர் திரையில் தெரிந்ததைத் திரையைப் பார்த்தே படித்தார். அவள் எழுந்து, "பிள்ளை ஒரு வார்த்தைல நின்னுடுச்சுன்னா நாம என்ன பண்ணணும் சார்?" என்று கேட்டாள். "அது அடுத்த ஸ்லைடுல வரும்," என்றார். அடுத்ததிலும் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. சாப்பாடுதான் வந்தது. கடைசியில், ஒவ்வொருவரும் தன் வகுப்புப் பிள்ளை ஒன்றை வாசிக்க வைத்து, போனில் வீடியோ படமெடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். அதைப் பார்த்துத்தான் சான்றிதழாம்.

அவள் பட்டாணியைப் படமெடுத்தாள். பட்டாணி துணி தேய்க்கிறவளின் மகள், உருண்டையாக இருப்பாள். வகுப்புக்கு வந்தபோது ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் ஞாபகசக்தி அபாரம். யார் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவாள், அதனாலேயே இரண்டு வகுப்பு தாண்டி வந்துவிட்டாள். இப்போதுதான் எழுத்துகளைக் கூட்ட ஆரம்பித்திருந்தாள். படத்தில் அவள் ஒரு சொல்லில் முட்டி நிற்கிறாள், பின்னால் போகிறாள், மறுபடி கூட்டுகிறாள், பிடித்துவிடுகிறாள், பிடித்ததும் தானாகச் சிரிக்கிறாள். டீச்சர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் அவள் எடுத்ததே இல்லை.

'தேர்ச்சி இல்லை. குழந்தை தடுமாறுகிறது' என்று பதில் வந்தது.

"தடுமாறாத பிள்ளைக்கு டீச்சர் எதுக்கு சார்? காவலுக்கா?" என்று தலைமையாசிரியர் மேசை முன்னால் போய் நின்றாள்.

"என் மேல எதுக்கும்மா பாயறே? நான் வெறும் தபால்காரன். மறுபயிற்சிக்குப் போ. அதே பிள்ளை முன்னேறினதைக் காட்டி இன்னொரு படம் அனுப்பணுமாம். படிக்க வேண்டிய பத்தியை அவங்களே அனுப்பிட்டாங்க."

"முன்னாடியே அனுப்பிட்டாங்களா?"

"பிள்ளைங்க தயாரா வரட்டும்னுதான்." அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். "மறுபயிற்சி குடுக்கப் போறது நம்ம ரெண்டாம் வகுப்பு டீச்சர்தான். அவங்க படம்தான் இருக்கறதுலயே பிரமாதமாம்."

இரண்டாம் வகுப்பு டீச்சர் வயதில் மூத்தவள், சிரித்த முகம். பிள்ளைகள் அவளுக்குச் சிரிப்பு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் வகுப்பில் பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள். பாடுவார்கள், ஆடுவார்கள், பாடத்தை ஒரே குரலில் ஒப்பிப்பார்கள். ஆனால் ஒரு பிள்ளைக்கும் வாசிக்கத் தெரியாது. வருஷா வருஷம் அந்தப் பிள்ளைகள்தான் மூன்றாம் வகுப்புக்கு வந்து சேர்வார்கள் என்பதால் மூக்கு டீச்சருக்கு இது நன்றாகவே தெரியும்.

மறுபயிற்சி அன்று அதே மண்டபத்தில் சிரிப்பு டீச்சரின் படத்தைச் சுவர் முழுக்க ஓட்டினார்கள். ஒரு சின்னப் பெண் புத்தகத்தைத் திறக்கிறாள். திறந்ததும் இடது உள்ளங்கையால் படத்தை மூடுகிறாள். வலது சுட்டுவிரலை எழுத்தின் கீழே ஓட்டித் தெளிவாகப் படிக்கிறாள். மூக்கு டீச்சருக்குக் காது மடல் சுட்டது. அது ரெட்டைச்சடை. அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளை. ஆள் குள்ளம் என்பதால் இரண்டாம் வகுப்பு என்றால் யாரும் நம்பிவிடுவார்கள். மூக்கு டீச்சரைக் கணக்கெடுப்பு வேலைக்கு அனுப்பியிருந்த அன்று இது நடந்திருக்க வேண்டும்.

அவள் எழுந்தாள். "அந்தப் பிள்ளை எதுக்கு அக்கா படத்தை மூடறா?"

சிரிப்பு டீச்சர் சிரித்தாள். "காத்துக்குப் பக்கம் பறக்குதுல்ல, அதான் பிடிச்சிருக்கா."

"சுவத்துல மாட்டியிருக்கற நாள்காட்டி அசையலையே. புத்தகத்துக்கு மட்டும் தனியா காத்தடிச்சுதா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். "அவ என் கிளாஸ் பிள்ளை," என்றாள் மூக்கு டீச்சர். மண்டபமே ஆடிப்போகும் என்று நினைத்தாள். ஒருவரும் அசையவில்லை. சிலர் போனைப் பார்த்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் அவள் புடவைத் தலைப்பை லேசாக இழுத்து, "உக்காருங்க மேடம். என் படத்துல இருந்தது அஞ்சாம் கிளாஸ் பிள்ளை. அதுவே ரெண்டு தப்பு விட்டுடுச்சு, அதான் இங்க இருக்கேன்," என்றார்.

மேடையிலிருந்த அதிகாரி மணி பார்த்தார். "சொந்தப் பிரச்னைகளை டீ நேரத்துல பேசிக்கலாம்."

டீ நேரத்தில் சிரிப்பு டீச்சரே வந்தாள். கையில் இரண்டு டம்ளர்.

"வெக்கமா இல்லையா அக்கா?" என்றாள் மூக்கு டீச்சர். திட்டும்போதும் அக்கா என்றே வாய் வருவது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இருக்கு. அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?" சிரிப்பு டீச்சரின் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கு மட்டும் யாரு சொல்லிக் குடுத்தா? நீ கேட்ட அதே ஸ்லைடைத்தான் நானும் கேட்டேன். பிள்ளை நின்னா என்ன பண்ணணும்னு எனக்கும் வரலை. சான்றிதழ் மட்டும் கேக்கறாங்க." அவள் ஒரு டம்ளரை நீட்டினாள். "நான் சொல்றதைக் கேளு. பட்டாணிக்கு ஞாபகசக்தி நல்லா இருக்கு. அனுப்பின பத்தியை மனப்பாடம் பண்ண வச்சு எடுத்துடு. நீ அந்த கிளாஸ்ல இருந்தாத்தானே அவ உருப்படுவா?"

மூக்கு டீச்சர் டீயை வாங்கவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. புருஷனிடம் சொன்னாள். அவர் கையில் ஒட்டிய கிரீஸைத் தேய்த்தபடி கேட்டார்.

"பிரேக் பிடிக்காத வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு அனுப்பச் சொல்றாங்க. எங்க இடத்துல அப்படி அனுப்பினா உள்ள தள்ளிடுவாங்க."

"அனுப்பலைன்னா வண்டியே என் கையை விட்டுப் போயிடும். அதுக்கு என்ன சொல்றீங்க?"

அவர் மறுபடி கிரீஸைத் தேய்க்க ஆரம்பித்தார்.

படம் அனுப்ப வேண்டிய கடைசி நாளில், வகுப்பு முடிந்ததும் அவள் பட்டாணியை நிறுத்தி வைத்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. போனை எடுத்து, அவர்கள் குறித்தனுப்பிய, வாத்துகளைப் பற்றிய அந்தப் பத்தி இருந்த பாடப்புத்தகப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். பட்டாணி மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள். "ஏரிக்கரையில் இரண்டு வாத்துகள் வாழ்ந்து வந்தன." தடங்கல் இல்லை. விரல் எழுத்தின் கீழே வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த வரியும் அப்படியே வந்தது, அதற்கடுத்ததும். ஒரு கணம் டீச்சரும் நம்பிவிட்டாள்.

பிறகு படமெடுத்தபடியே பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கத்தில் ரயிலைப் பற்றிய பாடம் இருந்தது. பட்டாணியின் விரல் ரயிலின் மேல் ஓடியது, வாய் வாத்துகளிடமே இருந்தது. "அதில் ஒரு வாத்துக்கு நீந்தத் தெரியாது," என்று அவள் தெளிவாக, அழகாக, எழுத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

பட்டாணி பயந்துவிட்டாள். "ரெட்டைச்சடை படிச்சுக் காட்டினா டீச்சர். நான் நல்லாச் சொன்னா நீங்க எங்களை விட்டுப் போக மாட்டீங்களாம். ரெண்டாம் கிளாஸ் டீச்சர் சொன்னாங்க."

போனில் இருந்தது குறையே சொல்ல முடியாத படம். புரட்டியதற்கு முன்னால் வெட்டிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் எழுந்து நின்று கை தட்டுவார்கள். மூக்கு டீச்சர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். கிடங்கு நடுவில் சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற முகம் அது. படத்தை அழித்தாள். போனை மேசைமேல் அவள் வைத்த வேகத்தில் அதன் கண்ணாடி விரிசல் விட்டது.

"உன் மேல கோபம் இல்லடி," என்றாள். "வாத்தை விடு. ரயிலைப் படி. மெதுவா."

அடுத்த பருவத்தில் அவளை மாடியில் ஐந்தாம் வகுப்புக்கு மாற்றினார்கள். மூன்றாம் வகுப்பைச் சான்றிதழ் பெற்ற சிரிப்பு டீச்சரிடம் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முதல் நாளே அவளுடைய மூக்கைக் கவனித்துப் பயந்துகொண்டார்கள். பயந்தது சரிதான், அவள் யாரோடும் சிரித்துப் பேசவில்லை. கீழே இருந்து பாட்டுச் சத்தமும் ஒப்பிக்கிற சத்தமும் மேலே வந்தன. அவள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் எடுத்தாள்.

ஒருநாள் கடைசி மணி அடித்து, பிள்ளைகள் இறங்கிப் போனபின் வாசலில் சிரிப்பு டீச்சர் வந்து நின்றாள். ஒரு கையில் பட்டாணி, மறுகையில் புத்தகம். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இவ என்னை வாயைத் தொறக்க விட மாட்டேங்கறா. வார்த்தையை எடுத்துக் குடுத்தா, 'சொல்லாதீங்க டீச்சர், நானே படிப்பேன்'ங்கறா. ஆனா படிக்கவும் மாட்டேங்கறா. நின்னா நின்ன இடம்தான். நான் என்ன பண்ணணும்?"

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்குல்ல. அதைக் கேளுங்க."

"கேட்டுட்டேன். அது ஒண்ணும் சொல்லலை."

"மண்டபத்துல என் பிள்ளையைக் காட்டி எனக்கே பாடம் எடுத்தீங்களே, அப்ப என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருந்துச்சா? இத்தனை வருஷமா பாட்டுப் பாட வச்சு எங்கிட்ட அனுப்பினீங்களே, அந்தப் பிள்ளைங்கள்லாம் இப்ப எங்க போய் எந்த மூட்டையைப் பார்த்து முழிக்குதுங்களோ. தெரியாதுன்னா அன்னைக்கே ஆபீசர் முன்னாடி தெரியாதுன்னு சொல்றதுக்கு என்ன கேடு? நானும் சேர்ந்து கத்தியிருப்பேன்ல அக்கா."

சிரிப்பு டீச்சர் எல்லாவற்றையும் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து போகவில்லை. பட்டாணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூக்கு டீச்சர் காலால் பெஞ்சை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. நீ நடுவுல உக்காருடி."

பட்டாணி புத்தகத்தைத் திறந்தாள். தானாகவே உள்ளங்கையால் படத்தை மூடினாள். ஒரு சொல் வந்தது. இன்னொன்று வந்தது. மூன்றாவதில் நின்றாள். சிரிப்பு டீச்சரின் உதடு பிரிந்தது.

"அக்கா. வாயை மூடுங்க."

உதடு மூடிக்கொண்டது. பட்டாணியின் விரல் முதல் எழுத்துக்குத் திரும்பியது. முதல் சத்தத்தை முணுமுணுத்தாள், இரண்டாவதை அதோடு ஒட்டினாள், மூன்றாவதில் வழுக்கினாள், திரும்பிப் போனாள். மூக்கு டீச்சர் விரலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப சொல்லலாமா?" என்று சிரிப்பு டீச்சர் கண்ணால் கேட்டாள். கூடாது என்று இவள் தலையசைத்தாள். பிறகு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, "தண்டவாளம்," என்றாள் பட்டாணி, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல.

சிரிப்பு டீச்சரின் இரண்டு கையும் தன்னால் மேலே எழுந்தன. மூக்கு டீச்சர் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கை தட்டினீங்க, ஒடிச்சுடுவேன்," என்றாள். "அடுத்த வரி படிடி."