எண்ணெய் ஏறாத எஞ்சின்கள்

எஞ்சினை மாற்றி வேகம் கூட்டிய ஒவ்வொருவரும் என்றாவது ஒருநாள் நடுரோட்டில் நின்றிருப்பார். அவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, பெட்ரோல் ஏன் ஏறவில்லை என்று பார்ப்பதுதான் என் தொழில். எழுபதுகளின் பின்பாதியிலும் எண்பதுகளிலும் மலேசியாவின் ஈப்போ நகரில், புந்தோங் வட்டாரத்தில், தௌக்கே என்று நாங்கள் அழைத்த ஒரு சீன முதலாளியின் வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். எங்களிடம் வந்தவை பாதிக்கு மேல் 'சூடேற்றிய' கார்கள். இரட்டைக் கார்புரேட்டர், பெரிய புகைக்குழாய், மின்சாரப் பம்பு. பம்பு தள்ளும் எண்ணெயின் (பெட்ரோலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அழுத்தம் மூன்று பவுண்டு இருந்தால் அந்தக் கார்கள் பறக்கும். ஒன்றுக்குக் கீழே இறங்கினால் இருமிவிட்டு நின்றுவிடும். அந்த இரண்டு பவுண்டு எங்கே போனது என்று தேடித் தூக்கம் கெட்டவர் நீங்களும் என்றால், இப்படி வந்து உட்காருங்கள். நாம் ஒரே கட்சி.

பூட்டுப் போட்ட மூடி

மாணிக்கம் வாத்தியாருக்கு வீடு ஈப்போவில், பள்ளிக்கூடம் கோலா கங்சாரில். புறப்படும்போது கார் சிங்கம் மாதிரி இருக்கும். சுங்கை சிப்புட் தாண்டியதும் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பிறகு நின்றே போகும். இறங்கிப் பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியைத் திறந்து பார்ப்பார். இருக்கும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். தினமும் தாமதம். தலைமையாசிரியர் கடிதம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டது. நான் பம்பை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். குழாய் முழுக்கக் காற்றடித்துச் சுத்தம் செய்தேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றார்.

கடைசியில் அழுத்தம் காட்டும் மீட்டரை நீளமான குழாயில் மாட்டி, கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி, அவருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்து போனேன். முள் மூன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒன்றுக்கு வந்தது. கார் நின்றது. வாத்தியார் வழக்கம்போல் பின்னால் போய் டாங்கி மூடியைத் திறந்தார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் முன் சீட்டில் இருந்த எனக்கே கேட்டது. அப்போதுதான் அந்த மூடியைப் பார்த்தேன். பளபளவென்று, சாவி போட்டுப் பூட்டுகிற புது மூடி. காற்றுப் போக ஒரு ஊசித் துளைகூட இல்லை. உள்ளே காற்று வராமல் எண்ணெய் எப்படி வெளியே வரும்? டிக்கியில் கிடந்த பழைய மூடியைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினோம்; முள் மூன்றிலேயே நின்றது. இறங்கி ரோட்டோரப் புல்லில் இரண்டு பேரும் உட்கார்ந்து சிரித்தோம். வாத்தியார் மூடியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "திருடன் வரக்கூடாதுன்னுதான் அண்ணே பூட்டு போட்டேன். காத்துகூட வரலயே!"

ரயில் கேட்டில்

டிரசர் பெருமாள் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஆள் சாது, கார் மட்டும் முரடு. "ஓடிக்கிட்டே இருந்தா நல்லா இருக்கு. மத்தியானத்துல எங்கயாவது நிறுத்தினா மறுபடி கிளம்ப மாட்டேங்குது" என்றார். மீட்டரை மாட்டிக்கொண்டு தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து ஒரு பெண் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அண்ணி பாக்கியத்துக்குப் பிரசவ வலி. ஒரு வாரம் முந்திக்கொண்டது. தோட்டத்து வேன் வேறு ஒரு நோயாளியோடு போயிருந்தது. பாக்கியத்தைப் பின் சீட்டில் ஏற்றி, நாத்தனாரையும் ஒரு போத்தல் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

வழியில் ரயில் கேட்டு மூடியிருந்தது. உச்சி வெயில். சரக்கு ரயில் ஊர்ந்து போய் முடிந்தது, கேட்டும் திறந்தது. எங்கள் கார் மட்டும் கிளம்பவில்லை. மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடந்து நடுங்கியது. பம்பு வெறும் வயிற்றில் 'டகடக' என்று அடித்துக்கொண்டது. பின் சீட்டில் பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். பெருமாள் முகத்தில் ரத்தமே இல்லை.   பானெட்டைத் தூக்கி எண்ணெய்க் குழாயைத் தொட்டேன், சுட்டுவிட்டது. புதுப் புகைக்குழாயை ஒட்டியே எண்ணெய்க் குழாயும் பம்பும் போயிருந்தன. நின்றால் காற்றோட்டம் இல்லை; சூட்டில் எண்ணெய் ஆவியாகிவிடுகிறது; ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. நாத்தனாரின் துண்டைப் பிடுங்கிக் குழாயிலும் பம்பிலும் சுற்றி, போத்தல் தண்ணீரை மொத்தமாக ஊற்றினேன். 'புஸ்' என்று ஆவி கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் முள் எழுந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுகட்டிலில் அவளை ஏற்றியபோது நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம் என்று பெருமாள் வந்து சொன்னார். ஆளுக்கொரு தே ஓ, பால் விடாத தேநீர், குடித்தோம். மறுநாளே குழாயைப் புகைக்குழாய்க்கு எட்டாத பக்கமாக மாற்றிப் போட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பாக்கியம் குழந்தையோடு வொர்க்‌ஷாப்புக்கு வந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இருந்த தண்ணியெல்லாம் அந்தப் பைப்புக்கே ஊத்திட்டீங்க அண்ணே. ஒரு வாய் வேணுமான்னு என்னைக் கேக்கவே இல்ல லா."

டாக்டரம்மா சொன்ன நோய்

இது என் தப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செட்டிநாட்டுக் குடும்பத்து டாக்டரம்மா ஒருவர் ஈப்போவில் கிளினிக் வைத்திருந்தார். ஆயர் தாவாரில் இருந்த அக்காவைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைதோறும் தானே ஓட்டிப் போவார், அதுவும் மெதுவாக அல்ல. அவர் காருக்குப் பெரிய டாங்கி மாட்டிக் கொடுத்தது நான். மூன்றாவது வாரம் கார் வழியில் நின்றது. மூடியில் துளை இருந்தது, குழாய் சூட்டுக்குத் தள்ளியே போனது, பம்பு புதுசு. எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் தீர்ந்துவிட்டது. டாக்டரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து என்னை விசாரித்தார். "வேகமாப் போனா அழுத்தம் விழுது. அஞ்சு நிமிஷம் சும்மா நின்னா தானா சரியாகுது. அப்படித்தானே? ஆளா இருந்தா, குழாயில அடைப்புன்னு நான் இந்நேரம் எழுதிக் குடுத்திருப்பேன்."

டாங்கியை இறக்கிக் காலி செய்தேன். உள்ளே கிடந்தது ஒரு துணி. நீலக் கட்டம் போட்டது. என் கைத்துணி. டாங்கியை மாட்டும்போது தூசி விழக் கூடாது என்று வாயில் அடைத்து வைத்தது, நழுவி உள்ளே போயிருக்கிறது. வேகமாக இழுக்கும்போது அது எண்ணெய்க் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும், நிறுத்தினால் விட்டுவிடும். தௌக்கேக்குத் தெரியாமல் மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை. துணியைப் பிழிந்து டாக்டரம்மா முன்னாலேயே வைத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். நாங்க வயித்துக்குள்ள இப்படித் துணியை வச்சுத் தைச்சிட்டா, கோர்ட்டுல போய் நிக்கணும்."

தேங்காய் லாரி மாப்பிள்ளை

ராஜேந்திரன் என் கூட்டாளி, நெருங்கிய சிநேகிதன். பாகான் டத்தோவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணம். தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பெண் வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்று ஆசை. வெள்ளிக்கிழமை வந்தான். "மச்சான், வேகம் எடுத்தா அழுத்தம் விழுது. பம்பு பத்தல லா. பெரிசா ஒண்ணு மாட்டிவிடு" என்றான். மாட்டியிருப்பேன். ஆனால் பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன். கார்புரேட்டரில் எண்ணெய் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல். அங்கிருந்து பனி மாதிரி தெறித்து, சுடுகிற புகைக்குழாய்மேல் விழுந்து, விழுந்த வேகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பெரிய பம்பு மாட்டியிருந்தால் தெறிப்பும் பெரிசாகியிருக்கும். ஒரு பொறி போதும், கார் தீப்பற்றிவிடும்.

மாற்றுச் சாமான் கோலாலம்பூரிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வரும். நான் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "குடுடா" என்றான். கொடுக்கவில்லை. "என் கல்யாணத்தைக் கெடுக்கப் பாக்குறியா?" என்று கத்தினான். "கல்யாணம் நடக்கணும்னுதான் தரல" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். முகூர்த்த நாள், வாடகைக் கார் எங்கேயும் கிடைக்கவில்லை. ஈப்போ பசாரில் தேங்காய் இறக்கிவிட்டு ஊர் திரும்பிய அவன் மாமாவின் லாரியில், பட்டு வேட்டி கசங்காமல் இருக்கச் சீட்டில் துண்டு விரித்து உட்கார்ந்து போனான். எனக்கு அழைப்பு இருந்தும் நான் போகவில்லை. அவன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே வந்தார்கள். கழற்றி வைத்திருந்த பழைய கார்புரேட்டரை ராஜேந்திரனிடம் நீட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து அந்த விரிசலைப் பார்த்தான். பிறகு என் தோளில் கை போட்டான். பேசியது அவன் மனைவிதான்: "தேங்காய் லாரியில மாப்பிள்ளை வந்தாருன்னு எங்க ஊரே சிரிச்சுச்சு அண்ணே. சிரிக்கட்டும் லா. வந்து சேந்தாரு இல்ல?"

வேகமான கார்களோடு இத்தனை வருஷம் புழங்கியதில் நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் பஸ்ஸே உத்தமம்.