கழன்று வராத ‘அறை உறுதி’

அடுத்தவர் எழுதிய கம்ப்யூட்டர் கோடில் மாட்டியிருப்பதைக் கழற்றித் தருவதுதான், தென்காசியில் சமையல் போக மிச்ச நேரத்தில் என் தொழில். இதே பிழைப்பில் இருக்கும் பாவப்பட்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: வெப்சைட்டில் ஹூக் என்று சில இடங்கள் உண்டு. பிளகின்கள், அதாவது வெப்சைட்டில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி நிரல்கள், தங்கள் வேலையை அங்கே மாட்டிவைக்கும். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் அண்ணாச்சியின் பிளகின் மாட்டியிருந்த வேலை, அறை இருக்கிறதா என்று விசாரித்த எல்லோருக்கும் ‘அறை உறுதி’ என்று மெயில் அனுப்புவது. இருப்பதோ பன்னிரண்டு அறை. சாரல் சீசன் வேறு தொடங்கிவிட்டது.

வாய் திறக்காத வரி

கழற்றச் சொல்லி ஒரு வரி எழுதினேன். மெயில் நிற்கவில்லை. மாட்டும்போது பிளகின் இருபது என்று ஒரு வரிசை எண் கொடுத்திருக்கிறது. கழற்றும்போதும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. கான்வென்ட் சிஸ்டர்கள் தப்புக்கு ஸ்கேலையாவது எடுப்பார்கள். இது பிழை என்றுகூடச் சொல்லாமல் கிடந்தது. அண்ணாச்சிதான் போனில் சொன்னார்: "தங்கச்சி, வாசல்ல ரெண்டு வேன் நிக்குது. எல்லார் கையிலயும் ரூம் உறுதி, தலையில அருவிக் குளியலுக்குத் தேச்ச எண்ணெய்."

முந்திக்கொண்டது

எண்ணைத் திருத்தினேன். அப்போதும் மெயில் போனது. என் வரி முதலில் ஓடிவிடுகிறது. பிளகின் அதற்குப் பிறகுதான் வந்து மாட்டுகிறது. என் வரியைப் பின்னுக்குத் தள்ளியதும் மெயில் நின்றது. மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னால், வீட்டுக்காரர் ரசத்தை விட்டுத் தலை நிமிராமல், "நான் வாயத் திறக்கதுக்கு முன்னாடியே பதில் சொல்லுவியே, அந்தப் பழக்கம்தான்" என்றார்.

பெயர் இல்லாதது

அதே பிளகின் வாட்ஸப்பிலும் அனுப்பிவந்த ‘அறை உறுதி’ மட்டும் தொடர்ந்தது. அதை அனுப்பும் பகுதிக்குப் பெயரே வைக்கவில்லை. பெயர் சொன்னால்தானே கழற்ற முடியும்? பிளகினை எழுதிய செங்கோட்டைக்காரரைக் கேட்டேன். "அத யாரு மேடம் கழட்டப் போறான்னு விட்டுட்டேன்."

சுத்தம்

பொறுமை போய், அந்த ஹூக்கில் தொங்கிய அத்தனையையும் ஒரே வரியில் உதறினேன். வாட்ஸப் நின்றது. இரண்டு நாள் அண்ணாச்சியிடமிருந்து போனே இல்லை. மூன்றாம் நாள் பெருமையாக நானே கூப்பிட்டேன். அவர் பேசப் பேசத்தான் உறைத்தது: யாராவது விசாரித்தால் அவருக்குத் தகவல் சொல்லும் வேலையும் அதே ஹூக்கில்தான் தொங்கியிருக்கிறது. "அருவில நிக்க இடமில்ல தங்கச்சி. இங்கன பன்னிரண்டு ரூமும் காத்தாடுது. ஒருத்தராவது ரூம் இருக்கான்னு கேக்கலியே?"

எதைக் கழற்றினோம் என்பது நமக்குத் தெரிவதற்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடுகிற இந்தத் தொழிலில், அண்ணாச்சிக்குத் தகவல் சொல்லும் வேலையை மட்டும் திரும்ப மாட்டிவிட்டு நான் உலை வைக்கப் போனேன்.