ஹுவா ஹின்னில் விரித்த கட்டில்

நாங்கள் பிழைக்க வந்த நகரத்தில், பல்லரோச் சந்தைக்கு மேலே என்னோடு ஒரே அறையில் இருந்த நாகபூசணி, தொண்ணூற்றேழில் தாய்லாந்துக்குப் போனாள். கடல் பார்க்கவா? கடல் பக்கத்துக் கால்சாவிலும்தான் கிடக்கிறது. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்தும் சண்டையால் யாழ்ப்பாணம் போக வழியில்லை, கொழும்பில் இறங்கவும் பயம். பெற்றவர்களை இன்னொரு நாட்டுக்கு வரச்சொல்லித்தான் எங்கள் ஆட்கள் அப்போது பார்த்தார்கள். அவளுடைய அம்மா யோகாம்பாள் கொழும்பிலிருந்து வந்தார்.

நாகபூசணி பொலிதேயாமாப் பக்கம் பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாக்களின் வீடுகளைத் துடைப்பவள். அம்மாவுக்கோ கந்தோரில் மேசை வேலை என்று சொல்லியிருந்தாள். அவர் அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவர். உண்மை தெரிந்தால் அம்மா உடைந்துபோவார் என்று போகுமுன் அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “களவே எடுக்கிறாய், விசரி?” என்று பேசினேன். கேட்டால்தானே! கை வெடிப்பு மறைய ஒரு மாதமாக எண்ணெய் பூசினாள்.

ஹுவா ஹின் என்ற அந்தக் கடற்கரை ஊரை அவள் சொல்லக் கேட்கவேண்டும். விளையாட்டுச் சாமான் போல ஒரு பழைய மர ரயில் நிலையம். மணலில் மெல்ல நடக்கும் குதிரைகள். சத்தமில்லாமல் வந்து போகும் அலை. பின்னேரம் முழுக்க அம்மாவும் மகளும் கணுக்கால் தண்ணீரில் கதைத்தபடி நடந்தார்களாம். பொழுதுபடக் கணவாய் மீன் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் தூரத்தில் ஒவ்வொன்றாக எரிந்தனவாம். நித்திரைக்குள் நடப்பது போல இருந்தது என்பாள்.

மறுநாள் விடியவும் அந்த மயக்கம் போகவில்லை. எழும்பியவள் தன்பாட்டில் விரிப்பை உதறி, மூலைகளை மடித்துச் செருகி, தலையணையைத் தட்டிவைத்து, குளியலறைக் கண்ணாடியையும் துடைத்துவிட்டாள். துப்புரவுக்கு ஆள் வரும் ஹோட்டல் அது! திரும்பினால் அம்மா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“எத்தினை வீடு, பிள்ளை?”

“மூண்டு, அம்மா.”

யோகாம்பாள் யன்னலடியில் போய் இருந்தார். அன்று முழுக்கக் கடற்கரைக்கும் வரவில்லை. நாகபூசணிக்குச் செத்துவிடலாம் போல இருந்ததாம்.

அடுத்த நாள் அவள் கண் விழித்தபோது அம்மாவின் கட்டில் விரித்திருந்தது. விரிப்பு ஒரு பக்கம் தொங்கியது, மூலையெல்லாம் சுருக்கம். குளியலறைக்குள் யோகாம்பாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரை துடைத்துக்கொண்டிருந்தார். மகள் ஓடிப்போய்த் துணியைப் பறிக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

“நீ போய்க் கடலடியிலை இரு, பிள்ளை. இண்டைக்கு இதை நான் செய்யிறன்.”