செட்டை முளைத்த மாடு

என் கையெழுத்து கோழி கிண்டிய நிலம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துப் பிழைகளும் இருக்கும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பத்தொன்பதில் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை ஒருவரையொருவர் படத்தில்தான் பார்த்திருந்தோம். கிங்ஸ்பரியில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு ஹோட்டலில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்குப் பேச வராது. அவளும் புது இடத்தில் பேச மாட்டாள். சில மாதம் அப்படியே போனபின் ஒரு சனிக்கிழமை, "நான் அண்ணையோட போய் இருக்கப்போறன்" என்றாள். அவளுடைய அண்ணன் நகரத்தின் மறுகோடியில், தோர்ண்டன் ஹீத்தில் இருந்தார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. "கொண்டுபோய் விடுறன்" என்றேன்.

மறுநாள் பையோடு ரயிலேறினோம். நேரே கொண்டுபோய் விட்டால் திரும்பி வரமாட்டாள் என்று மனம் சொன்னது. பாதிவழியில் இறங்கினேன்.

"இங்க ஏன்?"

"ஒண்டு காட்டவேணும்."

என் ஹோட்டலுக்குப் பின்னால் ஒரு பெரிய மியூசியம். உள்ளே போகக் காசு கேட்க மாட்டார்கள், சூடாக இருக்கும். இரண்டு ஷிப்டுக்கு இடையில் அங்கே போய் நிற்பேன். ஒரு வாசலின் இரு பக்கமும் கல்லில் செய்த காவல் உருவங்கள்: தாடி வைத்த மனிதத் தலை, மாட்டு உடம்பு, கழுகின் செட்டை. ஏதோ ஒரு பழைய ராசாவின் அரண்மனை வாசலில் நின்றவையாம்.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். பையை வைத்தாள். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினாள். எங்கள் கோயில்களில் அம்மன் ஏறி வரும் காமதேனு வாகனத்துக்கும் பெண்முகம், பசுவுடம்பு, செட்டை. அதன் முன் செருப்போடு நிற்க அவளுக்கு வராது.

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். காவலாளி கிட்ட வந்தார். நானும் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன். காலுறை ஓட்டையால் பெருவிரல் வெளியே நின்றது. அதைக் கண்டு அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"இது காமதேனு இல்லை. தாடி இருக்கு" என்றேன்.

"கண்டனான். காமதேனுவின்ர மனுசனாக்கும். வாய் திறக்காது, உங்களை மாதிரி."

பக்கவாட்டில் போய்ப் பார்த்தாள். "இதுக்கு அஞ்சு காலெல்லோ. முன்னால பாத்தா நிக்குது, இங்கால பாத்தா நடக்குது."

எத்தனையோ நாள் பார்த்தும் நான் கால்களை எண்ணியதில்லை.

"தலை யோசிக்க, உடம்பு பாரம் தாங்க. வாசலில நிக்கிறதுக்குச் செட்டை என்னத்துக்கு?" என்றாள்.

"செட்டை இருக்கிறபடியா போகலாம். போகாமல் நிக்குது. அதாலதான் அது காவல்" என்றேன். பிறகு, எங்கிருந்து துணிவு வந்ததோ, "நீரும் போகலாம். நான் மறிக்கேல்லை. ஆனா நீர் நிண்டா எனக்குச் சந்தோசம்" என்றேன்.

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "வீட்டில ஊசி நூல் இருக்கோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்டேஷனில் கிங்ஸ்பரிப் பக்கம் போகிற வழியில் திரும்பினாள்.

"அண்ணை பாத்துக்கொண்டிருப்பார்" என்றேன்.

"போன் பண்ணுங்கோ. இன்னொரு நாள் ரெண்டுபேரும் வாறமெண்டு சொல்லுங்கோ."

பையை என்னிடம் தராமல் அவளே வைத்துக்கொண்டு நின்றாள். போனில் நான்தான் பேசினேன்.

கிங்ஸ்பரி, 1998 மார்கழி 6, ஞாயிறு.