எண்ணெய்க் கறை போகாத கல்

2007 தை மாதம். மூலனூரிலிருந்து அம்மா முதன்முறையாகப் பெருமாநல்லூரில் எங்கள் வாடகை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். “பாத்துட்டுப் போயிர்றேன். கை நனைக்க மாட்டேன்” என்பதையும் சேர்த்தே. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் கை நனைப்பது, அதாவது சாப்பிடுவது, உறவை ஏற்றுக்கொள்வது. அவரைக் கேட்காமல் தென்காசிப் பெண்ணை நான் கட்டிக்கொண்டு இரண்டாவது பொங்கலும் தாண்டியிருந்தது.

மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங். அந்த வாரம்தான், நான் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் ஆபீஸுக்குச் சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் மெக்சிகோவில் வாங்கிய கறுப்புக் கல் பதக்கம் ஒன்றைக் கொடுத்தார். அதை மனைவியிடம் நீட்டிவிட்டு ஷிப்மென்ட் அவசரத்தில் ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது பனியன் வேஸ்ட் துணியால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆயில் பட்டிருக்கு, பாருங்க. சோப்பு போட்டாச்சு, கறை எடுக்கிற மருந்தும் போட்டாச்சு. போவ மாட்டேங்கு.”

படித்திருந்ததைச் சொன்னேன். அது வானவில் அப்சிடியன். எரிமலைக் குழம்பு சீக்கிரம் ஆறி உறைந்த கண்ணாடி. நிழலில் வெறும் கறுப்பு, வெளிச்சத்தில் சாய்த்தால் ஊதாவும் பச்சையும் பொன்னும். உள்ளே அடுக்கடுக்காகச் சிக்கிய நுண்ணிய படிகங்கள் காட்டும் நிறம் அது, தேய்த்தால் போகாது. கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும், திடீர்ச் சூட்டில் விரிசல் விடும், மற்ற நகையோடு போட்டால் கீறல் விழும். மென்மையான துணிதான் அதற்கு நல்லது. நல்லவேளை, அவள் எடுத்தது பனியன் வேஸ்ட். மெக்சிகோவின் பழங்குடிகள் இந்த வகைக் கண்ணாடியைப் பளபளப்பாக்கி, அதில் வருங்காலம் பார்த்தார்களாம்.

“அத்தை சாப்பிடுவாங்களான்னு தெரியுதா?” கல்லை முகத்துக்கு நேராகப் பிடித்துக் கேட்டாள். சிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் அம்மா வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர்கூட வேண்டாமென்றார். அடுப்படியில் சோறு, அரசாணிக்காய்ப் பொரியல், பருப்பு எல்லாம் மூடியபடியே இருந்தன. அவர் கண் மருமகளின் கழுத்துக்குப் போனது.

“தாலி கட்டுன கழுத்துல கருப்பு எதுக்குங்க?”

மனைவி பதக்கத்தைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஜன்னல் வெயில் பட்டது. அம்மா கையைத் திருப்பினார், மறுபடியும் திருப்பினார்.

“எண்ணெய் பட்டிருக்குதாட்ட இருக்குதே!” முந்தானையால் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “நானும் அப்படித்தான் நெனச்சேன் அத்தை. கை வலிக்கத் தேச்சேன். உங்க மகன் அதுக்கப்புறம்தான் வந்து பாடம் நடத்துறாரு.”

“அவன் எப்பவுமே அப்படித்தான். பால் பொங்கி ஊத்துனப்புறம் அடுப்பை அணைக்கச் சொல்லுவான்.”

இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா கல்லை இன்னொரு முறை வெயிலில் சாய்த்தார். “மயில் கழுத்தாட்ட இருக்குது. போட்டுக்கோ.” தானே அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். கொக்கி பிடிபடக் கொஞ்சம் நேரமானது.

அப்புறம் எழுந்து கை கழுவப் போனார். “இலையைப் போடு கண்ணு. பஸ்ஸுல வந்தது, பசிக்குது.”