பாதியில் வெட்டிய வீடியோ

காலை பதினொன்று இருபதுக்கு, புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் சின்ன அறையில், நரம்பு டாக்டர் என் கணவரின் போனை மேஜையில் வைத்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டார். அந்த நொடி வரைக்கும் எல்லாம் சரியாகப் போவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகனுக்குப் பதினொரு வயது. இரண்டு முறை விழுந்திருந்தான். முதல் முறை ஆலங்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பேச்சு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது. சாப்பிடாமல் இருந்திருப்பான் என்று சொல்லிச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் முறை பள்ளி மைதானத்தில். வெயில் மயக்கம் என்றார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. திருச்சியிலிருந்து வாரம் ஒருநாள் மட்டும் புதுக்கோட்டைக்கு வரும் இந்த டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

அவர் ஸ்கேனைப் பார்த்தார். இ.இ.ஜி. தாளை நீட்டிப் பார்த்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

"ரிப்போர்ட்ல இல்லைங்கறதால வலிப்பு இல்லைன்னு சொல்லிர முடியாதும்மா. விழுந்தப்ப பக்கத்துல இருந்தது யாரு?"

"நான்தான் சார்."

"எந்தக் கை மொதல்ல வெட்டுச்சு? தலை எந்தப் பக்கம் திரும்புச்சு?"

இடது கை என்றேன். உடனே, இல்லை, வலது என்றேன். பெற்றவள் கண்ணெதிரே நடந்தது அது. எந்தக் கை என்று சொல்லத் தெரியவில்லை.

"வலிப்புன்னா வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். வெறும் மயக்கம்னா அந்த மாத்திரையக் குடுக்கவே கூடாது. அதுக்குத்தான் கேக்குறேன். யாராச்சும் வீடியோ எடுத்தீங்களா?"

என் கணவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். போனில் நாலு தட்டு. வருஷம், மாதம், பள்ளி, ஆண்டு விழா. வீட்டில் டிவிக்குப் பக்கத்தில், எங்கள் படங்களையெல்லாம் அவர் சேமித்து வைத்திருக்கும் கறுப்புப் பெட்டியிலிருந்து அந்த வீடியோ புதுக்கோட்டைக்கு வந்து நின்றது.

"பரவாயில்லையே" என்றார் டாக்டர்.

நீலச் சட்டை போட்டுக்கொண்டு என் மகன் நிற்கிறான். மழைநீரைச் சேமிப்பது பற்றிப் பேசுகிறான். கையை நீட்டி, "ஒவ்வொரு துளியும்" என்கிறான். திரை கறுத்துவிட்டது.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சார். அதுக்கு அப்புறம் உள்ளத வெட்டிட்டேன்."

"எதுக்கு?"

"நல்லா இருந்த வரைக்கும் வச்சுக்கிட்டேன்."

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு மணிக்குத் தான் திருச்சிக்குக் கிளம்புவதாகவும், அதற்குள் முழு வீடியோ கிடைத்தால் கொண்டுவரும்படியும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் பார்த்து முடிவு செய்யலாம் என்றும் சொன்னார். அதுவரை பையனைத் தனியாகக் குளிக்க விட வேண்டாம், சைக்கிள் வேண்டாம், மாடிப்படி வேண்டாம்.

அந்த வீடியோ எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எடுத்தவள் நான். கை ஆடக்கூடாது என்பது என் கணவரின் சட்டம். போனைக் குறுக்கு வாக்கில் வைக்க வேண்டும், வெளிச்சம் பின்னால் இருக்கக்கூடாது. அதனால் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பையன் விழுந்தது, நான் ஓடியது, எதிர்வீட்டு அயித்தை சாவிக்கொத்தோடு வந்து அவன் கையில் இரும்பைத் திணித்தது எல்லாவற்றையும் அந்தப் போன் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் கேட்ட மாதிரியே எடுக்கப்பட்ட ஒரே வீடியோ அது.

என் கணவர் பல வருஷம் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். கைக்குழந்தையாகப் பிள்ளை குப்புற விழுந்ததையும் நடை பழகியதையும் நான் அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தார். ஊருக்குத் திரும்பியபோது மற்ற சாமானை எல்லாம் பெட்டியில் போட்டுவிட்டு, இரண்டு ஹார்ட் டிஸ்கை மட்டும் சட்டையில் சுற்றிக் கையிலேயே கொண்டுவந்தார். அதை நான் கேலி செய்ததில்லை. அந்த ஏக்கம் எனக்குப் புரியும்.

ஆனால் வந்த பிறகும் அது நிற்கவில்லையே. மோட்டார் உதிரிபாகக் கடையைச் சாத்திவிட்டு வந்தால் நேராகக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு படத்துக்கும் பெயர், தேதி, இடம், யார் யார் என்ற குறிப்பு. ஒரே மாதிரி ஏழு படம் இருந்தால் ஒன்று தங்கும், ஆறு போகும். ஞாயிற்றுக்கிழமை என் போனையும் வாங்கிக்கொள்வார். வாட்ஸ்அப்பில் போனது வந்தது உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு துடைத்துத் திருப்பித் தருவார். கேஸ் புக்கை ஏன் படம் எடுத்தாய், கத்தரிக்காய் விலையை ஏன் படம் எடுத்தாய் என்று விசாரணை வேறு. அந்த நேரத்தில் பையன் வாசலில் பந்தோடு நின்று, "அப்பா, வாரீங்களா?" என்று கேட்பான். "இரு, ஒன்னோட மூணாம் வகுப்ப முடிச்சுட்டு வாரேன்" என்பார். நிஜமாகவே இதைச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பிள்ளை கதவருகில் நிற்க, மூன்றாம் வகுப்புப் பிள்ளையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். "எந்த வருஷத்துப் பொங்கலக் கேட்டாலும் எடுத்துத் தர்றாரே, குடுத்து வச்சவம்மா நீ." யார் கேட்டார்கள் எந்த வருஷத்துப் பொங்கலை? உயிருக்கு அவசரமாக ஒரே ஒரு முறை ஒருவர் கேட்டார். கேட்டது அதில் இல்லை. எடுக்க நாலே தட்டுதான் ஆனது. இல்லாத ஒன்றை அவ்வளவு வேகமாகத் தேடித் தருவதற்கா இத்தனை வருஷம்?

ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏங்க, எம்புள்ள விழுந்து கெடக்குறான் அதுல. அத வெட்ட ஒங்களுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"அதப் போட்டுப் போட்டுப் பாக்கச் சொல்றியா? நீ பாப்பியா?"

"பாக்க மாட்டேன். அதுக்காக வெட்டுவேனா?"

"குப்பைத் தொட்டியில இருக்கும்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம காலி பண்ணிட்டேன் போல."

"வீட்டுக் குப்பையத் தெருமுனைக்குக் கொண்டுபோங்கன்னா மூணு நாளு ஆகும். இத மட்டும் தவறாம காலி பண்ணிருவீங்க."

எங்களுக்கு நடுவில் இருந்த பையன் என் முந்தானையை இழுத்தான்.

"அம்மா, எனக்கு அந்தப் பேச்சு முழுசாத் தெரியும். அதுக்கு அப்புறம் என்னன்னு டாக்டர்ட்ட நான் சொல்லவா?"

அவனுக்குத் தான் விழுந்ததே தெரியாது. மீதிப் பேச்சைத்தான் டாக்டர் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறான். அவன் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். அப்போதுதான் என் தம்பி நினைவுக்கு வந்தான்.

தம்பி கட்டுமாவடியில் மீன் வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறவன். பையன் முதல் முறை விழுந்த அன்று, கணவர் கடையில் போனை எடுக்காததால், பதறிப்போய் அந்த வீடியோவை அப்படியே தம்பிக்கு அனுப்பியிருந்தேன். போன் செய்தேன். பின்னால் ஏலச் சத்தம் கேட்டது.

"டேய், எம்புள்ள விழுந்த வீடியோ ஒனக்கு அனுப்புனேனே, இருக்கா?"

"இருக்கும்க்கா. நான் எதையும் அழிச்சதே இல்லையே. எப்படி அழிக்கிறதுன்னே தெரியாது."

"ஒடனே அனுப்புடா."

"எங்கிட்டுக் கெடக்குன்னு யாருக்குத் தெரியும்? போனு வேற நெறஞ்சுபோச்சு, ஒரு படம் தெறக்கறதுக்குள்ள வண்டி ஐஸ் ஏத்திருது. அங்கிட்டே கொண்டு வாரேன், இருங்க."

அறந்தாங்கி வழியாக பைக்கில் வந்தான். அவன் வரும் வரைக்கும் டாக்டரின் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் பை எடுத்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்தேன். ஒன்றேமுக்காலுக்குத் தம்பி மீன்வாடையோடு படியேறி வந்து போனை நீட்டினான்.

அந்தப் போனைத் திறந்தால் நண்டு, இறால், ஐஸ் பெட்டி, காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, எவர் வீட்டுக் காதுகுத்தோ, ஒரே லாரியின் பின்பக்கம் பத்துப் பதினைந்து முறை. நான் தள்ளத் தள்ள முடிவே இல்லை. என் கணவர் போனை வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட போனைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர், மூச்சுக் காட்டாமல் தள்ளினார்.

"மாசி மகத்துக்கு மொத நாளு அது" என்றார். "வாழ்த்துப் படம் வந்துருக்கும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

மாசி மக வாழ்த்து வந்தது. கோபுரமும் பொங்கும் தண்ணீருமாக ஒரே படத்தை நாலு பேர் அனுப்பியிருந்தார்கள். அவர் கண்ணில் பட்டால் அந்த நொடியே அழித்திருக்கக்கூடிய படம். அதற்குச் சற்று முன்னால், நீலச் சட்டையில் என் மகன் நின்றான்.

டாக்டர் எழுந்து நின்றபடியே பார்த்தார். "ஒவ்வொரு துளியும்" என்ற இடத்தைத் தாண்டியதும் உட்கார்ந்துவிட்டார். திரும்பத் திரும்பப் போட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பார்த்தார். வெட்டியதை முழுவதும் பார்த்தார்.

"இந்தம்மா சாவி குடுக்கறது இடது கையில. அதான் ஒங்களுக்கு இடதுன்னு ஞாபகம். அதுக்கு முன்னாடியே வலது கை வெட்ட ஆரம்பிச்சிருச்சு, பாருங்க. தலையும் அந்தப் பக்கம்தான் போகுது. வலிப்புதான்மா. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம். ஒழுங்காச் சாப்பிட்டா நல்லாருப்பான்."

நல்ல செய்தி என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் வரைக்கும் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று மூச்சை எண்ணிக்கொண்டிருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

இப்போது கறுப்புப் பெட்டியில் 'மருத்துவம்' என்று ஒரு ஃபோல்டர் சேர்ந்திருக்கிறது. பெருமையாகக் காட்டினார். நான் பார்க்கவில்லை. அடுக்கட்டும், பெயர் வைக்கட்டும், தேதி போடட்டும். அன்றைக்குத் தேதி அவருக்கு ஞாபகம் இருந்ததால்தான் தேட முடிந்தது, அதை நான் மறுக்கவில்லை. எது எங்கள் வாழ்க்கை, எது குப்பை என்று ஒற்றை ஆளாக முடிவு செய்ய அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மாத்திரை போடும் பிள்ளையும் இந்த வீட்டுப் பிள்ளைதான். அவன் நன்றாக இருந்த வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் போனை நான் கொடுப்பதில்லை. கத்தரிக்காய் விலை அப்படியே இருக்கிறது.

அன்று மாத்திரை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். பையன் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கணவர் டீயைக் கையில் வைத்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். தம்பி தன் போனைச் சட்டையில் துடைத்து, திரையில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினான்.

"ரொம்ப ஹேங் ஆகுது மச்சான். வர்ற ஞாயித்துக்கெழம ஆலங்குடிக்கு வந்து, ஒங்ககிட்ட குடுத்து எல்லாத்தையும் தொடச்சு வாங்கிட்டுப் போகலாம்னுதான் இருந்தேன்."